பெரம்பூர் ஆலையும் முத்தியால்பேட்டை வீடும்: வடசென்னையில் பழைய செங்கற் கட்டடங்களும் புதிய அடுக்ககங்களும் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

வடசென்னையில் பழைய செங்கற் கட்டடங்கள் இரண்டு விதமாக மறைகின்றன. ஒன்று, ஏக்கர் கணக்கில் விரிந்த ஆலை வளாகம் மொத்தமாக விற்கப்பட்டு, கூடங்கள் தரைமட்டமாகி, அங்கே உயரமான குடியிருப்புகள் எழுவது. மற்றொன்று, ஜார்ஜ் டவுனின் குறுகிய தெருக்களில் இருபது அடி அகல மனையில் நிற்கும் வீடு ஒவ்வொன்றாக இடிந்து, அதே மனையில் ஐந்து மாடிக் கட்டடம் எழுவது. பொதுப்பேச்சில் இரண்டையும் சேர்த்து “பழசை இடித்துப் புதுசு கட்டுகிறார்கள்” என்றே சொல்லி முடித்துவிடுகிறோம். ஆனால் இரண்டின் கணக்கும் வேறு, காரணமும் வேறு. ஆகவே மருந்தும் வேறாகத்தான் இருக்க முடியும் என்பதைக் காட்டுவதே இந்த ஆய்வின் நோக்கம்.

முதல் நிகழ்வு: பின்னி ஆலை நிலம்

பக்கிங்காம் ஆலை 1876-இல் தொடங்கியது; சில ஆண்டுகளில் கர்நாட்டிக் ஆலை சேர்ந்தது; 1920-இல் இரண்டும் ஒரே நிறுவனமாயின. ஊர் வாயில் அது என்றைக்கும் “பின்னி மில்”தான். பெரம்பூர், ஓட்டேரி, பட்டாளம், புளியந்தோப்பு ஆகிய பகுதிகள் இன்றுள்ள வடிவத்தைப் பெற்றதில் அந்த ஆலையின் சங்கொலிக்குப் பெரும்பங்கு உண்டு. 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி.வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியதும், செல்வபதி செட்டியார், இராமானுஜுலு நாயுடு, திரு.வி.க. ஆகியோர் அதில் உழைத்ததும், 1921-இல் மாதக்கணக்கில் நீண்ட வேலைநிறுத்தம் நடந்ததும் இந்த ஆலையை ஒட்டித்தான். 1996-இல் ஆலை நிரந்தரமாக மூடப்பட்டது.

அதன் பிறகு கூடங்கள் சில காலம் சரக்குக் கிடங்குகளாகவும், திரைப்படங்களின் சண்டைக் காட்சிகளுக்கான களமாகவும் பயன்பட்டன. வில்லனின் கோட்டை என்று தமிழ்த் திரையில் நாம் பார்த்த செங்கற்சுவர்களில் பல, உண்மையில் ஒரு தொழிற்சங்கம் பிறந்த இடத்தின் சுவர்கள் என்பதை அந்தப் படங்களைப் பார்த்த பெரம்பூர்ப் பிள்ளைகள் அறிவார்கள். மற்றவர்கள் அறிய வாய்ப்பில்லை. பின்னர் நிலம் கைமாறியது, பெரும்பாலான கூடங்கள் இடிக்கப்பட்டன, பன்மாடிக் குடியிருப்புகள் எழுந்தன. நடைபாதை, பூங்கா, மின்தூக்கி, வாகன நிறுத்தம் ஆகியவற்றோடு கூடிய வீடு வேண்டும் என்பது வடசென்னைக் குடும்பங்களின் நெடுநாள் ஆசை. அதற்காக அடையாற்றுக்கும் அண்ணா நகருக்கும் போய்க்கொண்டிருந்தவர்கள் இப்போது பெரம்பூரிலேயே தங்க முடிகிறது. அதைக் குறைத்துப் பேச நான் விரும்பவில்லை.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்தக் குடியிருப்புகளை எழுப்புவதற்காகச் செங்கற் கூடங்கள் அனைத்தும் போக வேண்டியிருந்ததா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி 18.30 மீட்டர் உயரத்தைத் தாண்டாத கட்டடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு, அதாவது மனைப்பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்று சொல்லும் எஃப்.எஸ்.ஐ., பொதுவாக 2.0, அதைத் தாண்டும் உயர்மாடிக் கட்டடத்துக்கு 3.25. பத்து ஏக்கர் ஆலை நிலம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பத்து ஏக்கர் என்பது 4,35,600 சதுர அடி, 3.25-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 14,15,700 சதுர அடி கட்டலாம். இதில் 40,000 சதுர அடியுள்ள ஒரு பழைய கூடத்தை அப்படியே நிறுத்தினால், அது விழுங்கும் அளவு நூற்றுக்கு மூன்றுகூட ஆகாது. எஃப்.எஸ்.ஐ. முழு மனைக்கும் சேர்த்தே கணக்கிடப்படுவதால், கூடம் நிற்கும் தரைக்குரிய உரிமையும் வீணாவதில்லை. மற்ற கட்டடங்களின் மேல் இரண்டு மூன்று மாடிகளாக ஏறிவிடும். எப்படியும் கட்டப்போகும் குடியிருப்போர் மன்றம், உடற்பயிற்சிக் கூடம், சிறுகடைகள் ஆகியவற்றை அந்தக் கூடத்துக்குள் வைத்துவிட்டால் அந்த மூன்று விழுக்காடும் இழப்பு அன்று. நூற்பாலைக் கூடம் என்பது தூண்களுக்கிடையே அகலமான இடைவெளியும் உயர்ந்த கூரையும் உடையது. இத்தகைய பயன்பாட்டுக்கு மாற்றுவதற்கு அதைவிட எளிதான பழைய கட்டடம் கிடையாது.

ஆகவே ஆலை நிலத்தைப் பொறுத்தவரை உயரத்துக்கும் செங்கல்லுக்கும் இடையே பெரிய போட்டியே இல்லை. நிற்க வைக்க வேண்டும் என்று யாரும் நிபந்தனை போடவில்லை, அவ்வளவுதான். மும்பை இந்த இடத்தில் வேறு பாதையில் போனது. 1991-இல் அந்நகரின் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதி 58, ஆலை நிலத்தை மேம்படுத்தினால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு திறந்தவெளிக்கு, ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கு, ஒரு பங்கு உரிமையாளருக்கு என்று வகுத்தது. 2001-இல் அந்த விதி திருத்தப்பட்டு, கட்டடம் இல்லாத வெற்று நிலத்துக்கு மட்டுமே பங்கீடு என்று சுருக்கப்பட்டது. 2006-இல் உச்ச நீதிமன்றம் திருத்தத்தை ஏற்றது. அங்கேயும் கடைசியில் உரிமையாளர் பக்கமே தராசு சாய்ந்தது என்பது உண்மைதான். இருந்தாலும் பேரம் பேசுவதற்கு ஒரு விதியாவது இருந்தது. சென்னையில் பெரிய மனைகளில் பத்து விழுக்காடு திறந்தவெளி ஒதுக்க வேண்டும் என்ற பொது விதி ஆலைக்கும் பொருந்தியது. ஆலை என்பதற்காகத் தனியே எதுவும் கேட்கப்படவில்லை.

இரண்டாம் நிகழ்வு: முத்தியால்பேட்டை மனை

ஜார்ஜ் டவுன் என்ற பெயர் 1911-இல், ஐந்தாம் ஜார்ஜ் முடிசூடியதை ஒட்டி வந்தது. அதற்கு முன் அது கறுப்பர் நகரம். கோட்டையை ஒட்டியிருந்த முதல் கறுப்பர் நகரம் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் பிரெஞ்சுப் போருக்குப் பின் இடிக்கப்பட, முத்தியால்பேட்டையும் பெத்தநாயக்கன்பேட்டையும் புதிய கறுப்பர் நகரமாயின. ஹைதர் அலியின் படையெடுப்புக்குப் பின் இவற்றைச் சுற்றி எழுப்பிய மதிலில் ஒரு துண்டு பழைய சிறைச்சாலைச் சாலையில், மாடிப் பூங்காவாக இன்னும் நிற்கிறது. மதிலுக்கு வரி வாங்க எண்ணியதன் அடையாளம் வால்டாக்ஸ் சாலையின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மதிலுக்குள் அமைந்த தெருக்களின் அகலம் மாட்டுவண்டிக்கும் பல்லக்குக்கும் போட்ட அளவு. தம்புச் செட்டி, லிங்கிச் செட்டி, அங்கப்ப நாயக்கன், பவளக்காரத் தெரு என்று பெயர் கொண்ட தெருக்களாவது பரவாயில்லை. அவற்றிலிருந்து பிரியும் சந்துகளில் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்று நின்றால் நடப்பவரும் நிற்க வேண்டும்.

இத்தெருக்களில் எஞ்சியுள்ள பழைய வீடுகள் பெரும்பாலும் ஒரே இலக்கணத்தில் அமைந்தவை. பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர், முன்னால் திண்ணை அல்லது அது மறைந்து கடையான இடம், நடுவில் முற்றம், பின்னால் கிணறு. சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். மேல்தளம் சென்னைக்கே உரிய கட்டைக்குத்து ஒட்டு: தேக்கு உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கற்களை நெட்டுக்குத்தாக, கோணலாக அடுக்கிச் சுண்ணாம்பில் ஒட்டி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கெட்டித்து, மேலே தட்டோடு பதிப்பது. சாரக்கட்டை இல்லாமலே வரிசை வரிசையாக ஒட்டிக்கொண்டு போகும் அந்த வேலையைச் செய்யத் தெரிந்த கொத்தனார்கள் இன்று மிகச் சிலரே. தெரியாதவர் கையில் பழுதுபார்ப்பு சிக்கினால் நடப்பது ஒன்றுதான். சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்டுப் பூச்சு ஏறுகிறது. சுவர் மூச்சுவிட முடியாமல் ஈரம் உள்ளே தங்குகிறது. உத்தரத்தின் நுனி சுவருக்குள் நுழையும் இடத்தில் மரம் உளுக்கிறது. கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றை வெட்டுவார்கள், வேரை எடுக்க மாட்டார்கள். பத்து ஆண்டு கழித்து “கட்டடம் தாங்காது” என்று ஒரு பொறியாளர் சான்று தருவார். சான்று பொய்யன்று, தாங்காமல் போனதற்குக் காரணம் வயது மட்டுமன்று என்பதை அது சொல்வதில்லை.

இனிக் கணக்கு. 20 அடி அகலமும் 120 அடி நீளமும் உள்ள மனை 2,400 சதுர அடி, அதாவது ஒரு கிரவுண்டு. முற்றமும் பின்கட்டும் போக முக்கால் பங்கில் வீடு நிற்பதாகக் கொண்டால், தரைத்தளமும் மாடியும் சேர்ந்து 3,600 சதுர அடி இப்போதே இருக்கிறது. உயர்மாடிக் கட்டடத்துக்குக் குறைந்தது 12 மீட்டர் அகலச் சாலை வேண்டும் என்பதால் 3.25 என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை, 2.0 கிடைக்கும், அதாவது 4,800 சதுர அடி. கூடுவது 1,200 சதுர அடி மட்டுமே. உரிமையாளர் பில்டரோடு பாதிக்குப் பாதி ஒப்பந்தம் போட்டால் அவர் பங்குக்கு வருவது 2,400 சதுர அடி. கையில் இருந்த 3,600-ஐக் கொடுத்துவிட்டு 2,400-ஐ வாங்கிக்கொள்ள ஒருவர் ஏன் சம்மதிக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை கண்டால் ஜார்ஜ் டவுனின் இடிப்புக்கு விடை கண்டதாகும்.

முதல் விடை வாடகை. 1960-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கட்டடங்கள் குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வந்த பழைய வாடகைகள் சந்தை விலைக்கு வெகு தூரம் கீழே நின்றன. பகடி எனப்படும் நுழைவுத் தொகை கொடுத்து நுழைந்த கடைக்காரர் தம் மகனுக்கும் பேரனுக்கும் இடத்தை விட்டுச் சென்றார். அச்சட்டத்தின் 14-ஆம் பிரிவு உரிமையாளருக்கு இரண்டு கதவுகளைத் திறந்தது. பழுதுபார்ப்பதற்காகக் காலி செய்வித்தால், வேலை முடிந்ததும் பழைய வாடகைதாரர் திரும்பி வரலாம். இடித்துக் கட்டுவதற்காகக் காலி செய்வித்தால் அந்தத் தொல்லை இல்லை. பழுதுபார்ப்பவருக்குத் தண்டனையும் இடிப்பவருக்குப் பரிசும் கொடுத்த சட்டம் அது என்று சொன்னால் கடுமையாகத் தோன்றலாம். ஆனால் அரை நூற்றாண்டுக்கு மேல் அது அப்படித்தான் வேலை செய்தது. 2017-இல் நிறைவேறி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அதை நீக்கிவிட்டது. அதற்குள் இடிந்தவை இடிந்துவிட்டன.

இரண்டாவது விடை பாகப்பிரிவினை. மூன்று தலைமுறைக்குப் பின் ஒரு வீட்டுக்கு ஒன்பது பத்துப் பங்காளிகள் சேர்ந்துவிடுகிறார்கள். ஒருவர் அண்ணா நகரில், ஒருவர் பெங்களூரில், ஒருவர் கடைசிவரை வீட்டைக் காலி செய்யாமல் பின்கட்டில். முற்றத்தைப் பங்கு போட முடியாது, கிணற்றைப் பங்கு போட முடியாது. அடுக்ககம் ஆக்கினால் ஆளுக்கு ஒரு கதவு, நிலத்தில் ஆளுக்கு ஒரு பிரிபடாத பாகம், ஆளுக்கு ஒரு பத்திரம். பல வீடுகளின் இடிப்பு ஒப்பந்தம் உண்மையில் குடும்பச் சண்டையின் சமாதான ஒப்பந்தம். இதைப் பாரம்பரியம் பேசுவோர் கவனிப்பதே இல்லை என்பது என் நீண்டநாள் குறை.

மூன்றாவது விடையை எல்லோரும் அறிவார்கள், எழுத்தில் சொல்வோர் குறைவு. அனுமதி வாங்கிய மாடிக்கு மேல் இரண்டு மாடி. 1971-ஆம் ஆண்டின் நகர ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்றும் பிறகு 113-சி என்றும் விதிமீறலை வரன்முறைப்படுத்தும் பிரிவுகளைச் சேர்த்துக்கொண்டே வந்ததால், இன்று மீறினாலும் நாளை ஒரு வழி பிறக்கும் என்ற நம்பிக்கை பில்டர்களிடம் நிலைத்துவிட்டது. மேலே கணக்கிட்ட 1,200 சதுர அடியில் இலாபம் இல்லை. இலாபம் அந்த மாடிகளில் இருக்கிறது. பழைய வீட்டை இடிக்க வருபவர் அதற்குப் பணம் வாங்குவதில்லை, கொடுக்கிறார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்; பர்மா தேக்கு உத்தரத்துக்கும் கதவு நிலைக்கும் தூணுக்கும் நல்ல சந்தை உண்டு.

பக்கத்து வீட்டின் விரிசல்

பொதுச்சுவர் உள்ள தெருவில் ஒரு வீட்டை மட்டும் இடிப்பது என்பது உண்மையில் முடியாத காரியம். நடுவில் ஒன்றை உருவினால் இருபுறமும் உள்ளவை ஒரு பக்கத் தாங்கலை இழக்கின்றன. பாரிமுனைப் பக்கம் மண் பெரும்பாலும் கடற்கரை மணல். பழைய சுவர்களின் அடித்தளம் ஆழமற்றது. புதிய கட்டடத்துக்கு நிலத்தடித் தளம் தோண்டினால் இரவும் பகலும் மோட்டார் வைத்து நீரை இறைக்க வேண்டும். நீர் இறங்க இறங்க மணல் தணிகிறது. அடுத்த வீட்டுச் சுவரில் படிக்கட்டு வடிவில் விரிசல் ஏறுகிறது. மெட்ரோ சுரங்கப் பணியின்போது செங்கற் கட்டடங்களில் விரிசல் குறித்து எழுந்த கவலையை உயர் நீதிமன்ற வட்டாரம் நினைவில் வைத்திருக்கும். அங்கே அளவிடவும் கண்காணிக்கவும் ஒரு பெரிய நிறுவனம் இருந்தது. தனியார் மனையில் யாரும் இல்லை. வேலை தொடங்கும் முன் இருபுற வீடுகளையும் படமெடுத்துப் பதிவு செய்வது, விரிசலின் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டி அது உடைகிறதா என்று பார்ப்பது, அடித்து இறக்கும் பைலுக்கு, அதாவது அடித்தளத் தூணுக்கு, பதில் துளையிட்டு வார்க்கும் பைல் போடுவது ஆகிய மூன்றையும் அனுமதியின் நிபந்தனையாக்கச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கோ (சி.எம்.டி.ஏ.) மாநகராட்சிக்கோ புதுச் சட்டம் தேவையில்லை.

பழையது என்றாலே ஆபத்து என்ற வாதத்துக்கும் இங்கே இடம் கொடுக்க வேண்டும். 2023 ஏப்ரலில் அரண்மனைக்காரன் தெருவில் பழைய நான்கு மாடிக் கட்டடம் ஒன்று பழுதுபார்ப்பு நடந்துகொண்டிருக்கும்போதே சரிந்தது. ஆனால் 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் 24 வீடுகளோடு சரிந்த குடியிருப்பு கான்கிரீட்டில் கட்டியது. அதற்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை. உயர் நீதிமன்றத்தின் செங்கற்சுவர்கள் 1892 முதல் நிற்கின்றன. வயதைவிடப் பராமரிப்பே தீர்மானிக்கிறது என்பதற்கு இவற்றைவிட அருகில் சான்று தேட வேண்டாம்.

சட்டம் எங்கே நிற்கிறது

அண்ணா சாலையில் 1897-இல் எழுந்த பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிக்க முயன்றதை எதிர்த்து, பாரம்பரியப் பாதுகாப்புக்காக இயங்கும் இன்டாக் அமைப்பு தொடுத்த வழக்கில், 2010-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி பத்மநாபன் குழுவின் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் உள்ளவற்றை இடிக்கக் கூடாது என்றும், பாரம்பரியப் பாதுகாப்புக் குழு அமைக்க வேண்டும் என்றும் அத்தீர்ப்பு சொன்னதே இன்றுவரை இத்துறையில் பிடிமானம். அரண்மனைக்காரன் தெருவில், அன்னி பெசண்ட் காலத்தில் 1915 வாக்கில் எழுந்த கோகலே மண்டபத்தின் இடிப்பும் நீதிமன்றத் தலையீட்டால்தான் பாதியில் நின்றது. மாநிலச் சட்டமன்றம் 2012-இல் நிறைவேற்றிய பாரம்பரிய ஆணையச் சட்டம் நடைமுறைக்கு வரப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று.

பட்டியலின் குறை, அது பெரும்பாலும் பெயர்பெற்ற கட்டடங்களைக் கொண்டிருப்பது. மேலே சொன்ன இருபது அடி வீட்டுக்குப் பெயர் கிடையாது. கதவு எண் மட்டுமே உண்டு. இராயபுரம் தொடர்வண்டி நிலையம் பிழைத்தது. 1856-இல் தென்னிந்தியாவின் முதல் தொடர்வண்டி புறப்பட்ட அந்தக் கட்டடம் 2005-இல் புதுப்பிக்கப்பட்டது. உரிமையாளர் ஒரே அரசு நிறுவனம், வண்டி இன்னும் நிற்கிறது, பயன்பாடு அறுந்துபோகவில்லை. சேப்பாக்கத்தில் 2012 தீயில் கருகிய கலச மகாலையும் பொதுப்பணித்துறை மீட்டெடுத்து மீண்டும் பயனுக்குக் கொண்டுவந்தது. அரசின் கையில் இருப்பதை அரசு நினைத்தால் காக்க முடிகிறது. ஒன்பது பங்காளிகளின் கையில் இருப்பதை நீதிமன்றத் தடையாணையால் காக்க முடியாது. தடை வாங்கிய வீடு மழையில் தானே விழும் வரை காத்திருக்க அவர்களுக்குத் தெரியும்.

இரண்டு நிகழ்வுகளையும் இணைக்கும் வழி

சாலை விரிவாக்கம் போன்ற பொதுப்பணிக்கு நிலம் விடுவோருக்கு இழப்பீட்டுக்குப் பதிலாக மாற்றத்தக்க வளர்ச்சி உரிமைச் சான்று, அதாவது வேறு மனையில் கூடுதலாகக் கட்டப் பயன்படுத்தவோ விற்கவோ கூடிய சான்று, கொடுக்கும் முறை நம் விதிகளில் ஏற்கெனவே இருக்கிறது. மும்பை 1995-இலேயே பாரம்பரியக் கட்டட உரிமையாளர்களுக்கு இதை விரித்தது. இங்கே வேண்டியது இவ்வளவே: முத்தியால்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டை வீட்டுக்காரர் தம் வீட்டை நிறுத்தி வைப்பதாகப் பதிவுசெய்த உறுதி கொடுத்தால், அவர் கட்டாமல் விட்ட சதுர அடிகளைச் சான்றாகப் பெற்று விற்கலாம், அதை வாங்கிப் பயன்படுத்தும் இடம் பெரம்பூர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டைப் பக்கத்து அகலச் சாலை ஓர ஆலை, கிடங்கு நிலங்களாக இருக்க வேண்டும். பணமாக வருவதைப் பங்காளிகள் பிரித்துக்கொள்ளலாம். முற்றத்தைப் பிரிக்க வேண்டியதில்லை.

இதில் ஒரு சிக்கலை மறைக்கக் கூடாது. கணக்கில் வந்த 1,200 சதுர அடிக்கு மட்டும் சான்று கொடுத்தால் எந்த வீட்டுக்காரரும் திரும்பிப் பார்க்க மாட்டார். அவர் ஒப்பிடுவது விதிமீறிய மாடிகளோடு. ஆகவே சான்றின் அளவு தாராளமாக, மனையின் முழு உரிமைக்கு ஈடாகவேனும் இருக்க வேண்டும்; அதே நேரத்தில் விதிமீறிய மாடியைப் பூட்டி முத்திரை வைப்பது உண்மையாக நடக்க வேண்டும். பில்டர் பணம் கட்டினால் அரசிடமே கூடுதல் எஃப்.எஸ்.ஐ. வாங்க இன்னொரு வாசல் திறந்திருக்கும் வரை, தனியாரிடம் சான்று வாங்க அவருக்கு அவசரம் இராது. அந்த வாசலின் ஒரு பகுதியையாவது பாரம்பரியச் சான்றுக்கு என்று ஒதுக்க அரசு தன் வருவாயில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். கோப்பு நிற்கப்போவது இங்கேதான் என்று நினைக்கிறேன். பெரம்பூர், வியாசர்பாடியில் மாடி கூடக் கூடக் கழிவுநீரும் மழைநீரும் ஓட்டேரி நல்லா என்ற கால்வாயின் மேல்தான் விழும் என்பதால், சான்றைப் பயன்படுத்தும் மனைக்குக் கழிவுநீர் இணைப்பின் கொள்ளளவைக் குடிநீர் வாரியம் முன்கூட்டியே உறுதிசெய்ய வேண்டும்.

வடசென்னை வளர்ச்சித் திட்டத்தில் சாலை, பள்ளி, நூலகம், பேருந்து நிலையம் என்று பல வேலைகள் நடக்கின்றன. அவற்றுக்கிடையே செலவு குறைந்த ஒரு வேலைக்கு இடம் உண்டு: ஜார்ஜ் டவுனில் தெருத்தெருவாக நடந்து, கட்டைக்குத்து ஒட்டுத் தளத்தோடு இன்னும் குடியிருப்பு உள்ள வீடுகளைக் கதவு எண்ணோடு பதிவு செய்வது, எந்த வீட்டில் எத்தனை பங்காளிகள், எத்தனை வாடகைதாரர்கள் என்று குறிப்பது. சான்று யாருக்கு என்று கேட்டால் காட்டுவதற்கு அந்தப் பட்டியல் முதலில் வேண்டும். எந்தத் தெருவில் தொடங்குவது என்று கேட்டால் பவளக்காரத் தெருவைச் சொல்வேன்.